பிசின்

கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான்
பழத்தைப் பிளந்தார் தெய்வநாயகம்.
பண்ருட்டிப் பழம்.
கத்தி, எண்ணெய்க் கிண்ணம், விரிக்கச் சாக்கு,
எல்லாம் காரிலேயே வந்திருந்தன.
மூடிக்கிடந்த சாயப் பட்டறையின் மாடி.
உப்பனாற்றைப் பார்த்த சன்னலை அடைத்தாலும்
அழுகிய முட்டை வாடை உள்ளே வரும்.
பலா மணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

"மேல எத்தினி பேருடா?"
தெரிந்துதான் கேட்கிறார்.
"பதினொன்னு."
பதினொரு கொட்டைகளைத் துடைத்து
என் மேசை விளிம்பில் வரிசையாக வைத்தார்.

நான் இருசப்பன்.
சிப்காட்டில் பதினாலு வருஷம் பாய்லர் பார்த்தவன்.
கம்பெனியை இழுத்து மூடிய வாரம்
கூப்பிட்டு நாற்காலி போட்டவர் இவர்.
திரையில் ஒரு புள்ளியைக் காட்டினார்.
பூமியைச் சுற்றும் பட்டறையாம்,
மருந்துக்குப் படிகம் வளர்க்கிறார்களாம்,
ஆறு மாத கான்ட்ராக்டாம்.
இது பதினாறாவது மாதம்.

அவர்கள் வேலையை நிறுத்தியபோது
இறங்குகலத்தின் கதவைப் பூட்டு என்றார்.
பூட்டினேன்.
கப்பல் அடுத்த வாரம் வருது என்று சொல் என்றார்.
சொன்னேன்,
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் அறிவிப்பைப் போல
ஏற்ற இறக்கம் மாறாமல்
முப்பத்தொரு வாரம்.

இன்று ஒன்பது பதினாலுக்குத் தலைக்கு மேலே வந்தார்கள்.
எட்டு நிமிடம் இருப்பார்கள்.
பிறகு வங்கக் கடல் விழுங்கிவிடும்.

"சாப்புடு" என்று ஒரு சுளையை நீட்டினார்.
நல்ல சுளை. வாங்கினேன்.
என் கைக்கு யாரும் எண்ணெய் தரவில்லை.

"படிகம் வெல பாதியா வுழுந்துடுச்சு.
இவுங்கள எறக்குற காசுல
நான் இன்னொரு பட்டறை வுடலாம்.
காத்த நிறுத்து.
விபத்துன்னா இன்சூரன்ஸ் வரும்."
ஒரு கொட்டையைச் சுண்டினார்.
அது மேசைக்கடியில் உருண்டது.
யார் என்று பார்க்கக் குனிந்தேன்.

"மங்கையர்க்கரசிக்குக் கைப்புள்ள இருக்குதுங்க."
"இருக்கட்டுமே. புள்ளைக்கு ஒரு தொகை போவும்.
நான் என்ன கல்லா?"

"என்னால முடியாதுங்க."
அவர் கோபப்படவில்லை.
சடையை வகிர்ந்து இன்னொரு சுளை எடுத்தார்.
"கதவப் பூட்டுன விரல் யாருது?
முப்பத்தோரு வாரம் பேசுன வாய் யாருது?
நான் இந்த மாடிக்கு வந்ததே இல்ல, இருசப்பா.
வந்ததா ஒரு காயிதம் காட்டு."

எட்டில் ஐந்து நிமிடம் போயிருந்தது.
அப்போதுதான் பார்த்தேன்.
என் ஆட்காட்டி விரல்
மைக்கின் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தினால் நம் பேச்சு மேலே போகும்,
விட்டால் அவர்கள் பேச்சு இறங்கும்.
அது அழுந்திக் கிடந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.
பலாப் பிசின்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.
இரண்டாவது சுளையை வாங்கும்போது
பலமுறை சொல்லிக்கொண்டேன்.

அவரும் பார்த்தார்.
கத்தி பழத்துக்குள் நின்றது.

விரலைப் பிய்த்தேன். தோல் கொஞ்சம் வந்தது.
ஸ்பீக்கரில் இரைச்சல்.
அழுகை வரும், வசவு வரும்,
என் அம்மாவை இழுப்பார்கள் என்று காத்திருந்தேன்.
பரங்கிப்பேட்டை ஜைனுலாபுதீன் குரல்தான் வந்தது,
மெதுவாக, பக்கத்து இலையில் கேட்பதைப் போல:
"அண்ணே, கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு."
பின்னால் இரும்பை இரும்பால் நெம்பும் ஓசை.
மூன்றாம் கதவின் சிவப்பு விளக்கு
ஒருமுறை நடுங்கியது.
"அண்ணே,
நீங்க மெல்லுறது பலாச்சுளையா?"

வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை,
துப்பவும் முடியவில்லை.
கடல் விழுங்கிவிட்டது அவர்களை.

தெய்வநாயகம் கத்தியைச் சாக்கில் துடைத்தார்.
மீதிப் பத்துக் கொட்டையையும்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"அடுத்த சுத்து எத்தினி மணிக்கு?"
"பத்து நாப்பத்தாறு."
"சரி. இங்கியே இருக்கேன்" என்று
நாற்காலியை எனக்கும் கதவுக்கும் நடுவே போட்டார்.

கை பிசுபிசுத்தது.
எண்ணெய்க் கிண்ணம் அவர் காலடியில் இருந்தது.
நான் கேட்கவில்லை.